மெரூன் கை வைத்த ஸ்வெட்டர்

சாந்தோமில், ரோசரி சர்ச் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது லூயிசாவின் வீடு. தோமையார் திருநாளன்று அங்கே சாப்பிட வருகிறவர்கள், பிரியாணிக்குப் பிறகு ஒரு படம் பார்க்காமல் எழுந்து போக முடியாது. படம் என்றால் சினிமா அல்ல. கார்கில் சண்டை நடந்த வருஷம் டிவி செய்தியில் வந்த ஒரு சின்னத் துண்டு. மலையடிவாரத்தில் ஒரு பீரங்கி, அதன் மேல் விரித்த பச்சை வலை, சுற்றிலும் ஏழெட்டுப் பையன்கள். பீரங்கி வெடிக்கிறது. புகை கிளம்புகிறது. பையன்கள் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். இடது ஓரத்தில் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறானே, அவன்தான் லூயிசாவின் தம்பி டெரன்ஸ்.

அந்தத் துண்டு கிடைத்ததே தற்செயல். பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் அங்கிளிடம் வி.சி.ஆர். இருந்தது. செய்தியில் சண்டையைக் காட்டினால் உடனே கேசட்டைத் தள்ளிப் பட்டனை அமுக்கிவிடுவார். அந்த வருஷத் திருநாள் முடிந்த வாரம் ஒரு சாயங்காலம் அவர் நடுச்சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். "லூயிசா, உங்க டெரன்ஸ் டிவில நிக்கிறான்மா. அம்மாவை இட்டுகினு வா." அம்மா மாவுக் கையோடு ஓடினாள். அவர் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினார். ஒரு மாதமாகக் கடிதமில்லை. எந்த வீட்டில் போன் மணி அடித்தாலும் அம்மா வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள். மகன் சிரிப்பதைப் பார்த்த அன்றைக்குத்தான் அம்மா உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கேசட் வீட்டில் மாதா படத்துக்கு அடுத்த மரியாதையோடு இருந்தது. வருஷா வருஷம் திருநாளன்று அதைப் போடுவார்கள். போடும் சமயம் பார்த்து டெரன்ஸுக்கு மட்டும் ஏதாவது வேலை வந்துவிடும். ஐஸ்கிரீம் வாங்கப் போவான், வண்டிக்குப் பெட்ரோல் போடப் போவான்.

"கூச்சம் அவனுக்கு," என்று லூயிசா விருந்தாளிகளிடம் சொல்வாள். "தன்னைத் தானே பார்த்துக்க வெக்கம்."

லூயிசா எட்டாவது வரை படித்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்பில் சேர்ந்து, பதினாறு வயதில் ஜாக்கெட் தைத்துக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டாள். டெரன்ஸ் அவளுக்கு ஆறு வயது இளையவன். அவனை வளர்த்தது தான்தான் என்று அவள் வாயால் சொல்லமாட்டாள். ஆனால் எதிரில் இருப்பவர் அதைச் சொல்லும்வரை பேச்சை விடவும் மாட்டாள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் கிளம்பிய காலையில் அவனுடைய பேண்ட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவள். திரும்பி வந்தவன், "மார்பு அளவு பத்தல அக்கா. மூச்சை இழுத்து நின்னேன், வந்துடுச்சு," என்று சொன்னதை இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்லிச் சிரிப்பாள்.

பீரங்கிப் படையில் சேர்ந்தான். பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தான். இப்போது அடையாறு காந்தி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறான். இடது காது கேட்காது என்பதால் யார் பேசினாலும் வலது பக்கம் வந்து உட்காரச் சொல்வான். மற்றபடி அவனைப் பார்த்தால் சண்டைக்குப் போய் வந்தவன் என்று சொல்ல முடியாது. பையன்கள் யாராவது, "எத்தனை பேரை அங்கிள் போட்டீங்க?" என்று கேட்டால் பொறுமையாகவே பதில் சொல்வான்.

"நாங்க யாரையும் பாக்கவே இல்லப்பா. போன்ல நம்பர் சொல்லுவாங்க. அந்த நம்பருக்கு பீரங்கியைத் திருப்புவோம். அங்க யார் இருந்தாங்க, எத்தினி பேர் இருந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். லூயிசாவுக்கும் கொஞ்சம் வருத்தம்தான். தம்பி இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமே என்று நினைப்பாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். தையல்காரர்கள் லைனிங் துணியைக் கத்தரிப்பதில்லை. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார்கள். நூல் பிடித்து நேராகக் கிழியும். கார்கிலுக்குப் பிறகு முதல் லீவில் டெரன்ஸ் வந்திருந்தபோது, அவள் மெஷின் பக்கத்தில் நின்று அப்படி ஒரு துணியைக் கிழித்தாள். திரும்பிப் பார்த்தால் அவன் தரையில் முகம் பதித்துக் கிடக்கிறான், இரண்டு கையும் தலைமேல். எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, "கால் வழுக்கிடுச்சு," என்றான். அவள் எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் வீட்டில் துணி கிழிவதில்லை. எத்தனை மீட்டரானாலும் சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரிதான். வேலை இழுக்கும். தெரிந்த டெய்லர்கள் கேலி செய்தால், "எனக்கு இப்படித்தான் நேரா வரும்," என்று சொல்லிவிடுவாள்.

பல வருஷம் கழித்து அவனே ஒருநாள் சொன்னான். "மேல போற குண்டு அப்படித்தான் அக்கா சத்தம் போடும், துணி கிழியிற மாதிரி. அந்தச் சத்தம் காதுல விழுந்துச்சுன்னா நம்மளைத் தாண்டிப் போவுதுன்னு அர்த்தம். பயப்பட ஒண்ணுமே இல்ல. ஆனா உடம்புக்கு அது புரியல."

அவ்வளவுதான் அவன் சொன்னது. சாய்நாத் என்று ஒரு நண்பன், அசோக் நகர்க்காரன், அங்கே இறந்துபோனான் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வருஷ டிசம்பரில் டெரன்ஸ் அவன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, இரண்டு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை.

இந்த வருஷம் லூயிசாவின் மகள் லிண்டா ஒரு யோசனை சொன்னாள். வி.சி.ஆர். செத்துப் போய் மூன்று திருநாள் ஆகிவிட்டது. கேசட்டை மாற்றிப் பென்டிரைவில் போட்டுவிட்டால் புது டிவியில் பெரிதாகப் பார்க்கலாம். தாயும் மகளும் தி.நகர் பர்கிட் ரோட்டில் அப்துல் கய்யூம் கடைக்குப் போனார்கள். அவர் கேசட்டைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கேசட்டுல காளான் பயிர் பண்ணிகினு கீறீங்க."

"பத்திரமா பீரோலதான் வச்சிருந்தேன் பாய்."

"பீரோல வச்சா புடவைக்கு நல்லது. கேசட்டுக்கு இல்ல. ஒரு வாரம் குடுங்க, குளிப்பாட்டி வைக்கிறேன்."

ஒரு வாரம் கழித்துப் போனபோது தன் கடை டிவியிலேயே ஓட்டிக் காட்டினார். லூயிசா வாய் பிளந்து பார்த்தாள். இத்தனை வருஷமாகப் புள்ளியும் கோடுமாக ஓடிய படம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தம்பியின் பல் வரிசை தெரிந்தது. அவன் ஒரு நீல ஸ்வெட்டர் போட்டிருந்தான். அதன் கைகள் இரண்டும் மெரூன். ஜாக்கெட்டில் கை வேறு கலர் வைத்தால் கூட உடனே கண்ணில் படும் தனக்கு இது எப்படி இத்தனை நாள் படவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"யாரு, உங்க புள்ளையா?" என்றார் கய்யூம்.

"தம்பி."

"நல்லா சிரிக்கிறாரு." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "ரொம்ப நேரம் சிரிக்கிறாரும்மா."

பழைய கேசட்டில் அந்த இடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, கோடு கோடாக ஓடும். இப்போது தெரிந்தது. கத்திய பையன்கள் திரும்பிக் குண்டு தூக்கப் போய்விட்டார்கள். டெரன்ஸ் மட்டும் அதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவர் வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அத்தோடு படம் வேறு செய்திக்குப் போயிற்று.

"சந்தோஷம் தாங்கல அவனுக்கு," என்றாள் லூயிசா. கய்யூம் பென்டிரைவைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

திருநாளன்று புது டிவியில் எல்லோரும் பார்த்துக் கைதட்டினார்கள். டெரன்ஸ் ஐஸ்கிரீமோடு வந்தபோது அவனுக்கும் கைதட்டினார்கள். மறுநாள் லிண்டா அதை யூடியூபில் போட்டாள். 'எங்கள் டெரன்ஸ் மாமா, கார்கில் 1999' என்று தலைப்பு வைக்கச் சொன்னது லூயிசா. முன்னாள் ராணுவத்தினர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அது சுற்றியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் காலையில் மகளைக் கேட்பதும் அவள் வேலையாயிற்று.

இரண்டு வாரம் போயிருக்கும். லூயிசா மெஷினில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"லூயிசா மேடங்களா? உங்க பொண்ணுகிட்ட நம்பர் வாங்கினேன். நான் வைஜயந்தி, அசோக் நகர்லேர்ந்து பேசறேன். சாய்நாத்தோட வொய்ஃப்."

லூயிசா மெஷினை விட்டு எழுந்து நின்றாள். "சொல்லும்மா. டெரன்ஸ் ட்யூட்டில இருக்கான்."

"உங்ககிட்டதான் பேசணும் அக்கா. அந்த வீடியோல டெரன்ஸ் போட்டிருக்கிற ஸ்வெட்டர் நான் பின்னினது."

லூயிசாவுக்கு உடனே விளங்கவில்லை. அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.

"கல்யாணம் ஆன புதுசு. அவரைக் காஷ்மீருக்கு மாத்தினாங்க. நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் மெட்ராஸ். குளிர்னா மார்கழிக் குளிர்னு நினைச்சுட்டு கையே இல்லாம ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பிட்டேன். அங்க எல்லாரும் சிரிச்சு மாளலையாம். கையை யார் தருவாங்கன்னு எழுதியிருந்தார். லீவுல வந்தப்ப முழுக்கை ஆக்கலாம்னா நீல நூல் கடையில தீர்ந்து போச்சு. ஸ்கூல் ஸ்வெட்டருக்கு வாங்குற மெரூன் நூல்தான் இருந்துச்சு. அதுலயே பின்னிச் சேர்த்தேன். அந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கிடையாது அக்கா."

"சரிம்மா."

"அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப முகம் மட்டும்தான் பாக்க விட்டாங்க. அவர் சாமானெல்லாம் ஒரு ட்ரங்குல வந்துச்சு. ஸ்வெட்டர் இல்ல. டிசம்பர்ல டெரன்ஸ் வந்தார். நான் அவரைக் கேட்டது அது ஒண்ணுதான். சொன்னார், அதைப் போட்டுட்டுத்தான் போனான், குளிரே தெரியாம போனான்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "இருபத்தாறு வருஷமா அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடிச்சுட்டு இருக்கேன். இப்போ பாத்தா, கீழ தேதி ஓடுது, அவர் போன மறுநாள் வந்த செய்தியில டெரன்ஸ் அதைப் போட்டுட்டு நிக்கிறார். சிரிக்கிறார்."

லூயிசா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நான் சண்டைக்கு வரலை அக்கா. அவர் மேலேர்ந்து கழட்டினாங்களா, இல்ல முன்னாடியே குடுத்திருந்தாரா, அதை மட்டும் டெரன்ஸ் வாயால கேக்கணும். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

வராதே என்று எப்படிச் சொல்வது? வா என்று சொல்லிவிட்டாள்.

போனை வைத்ததும் லிண்டாவைக் கூப்பிட்டு, "அந்த வீடியோவை எடுத்துடு," என்றாள். பிறகு யோசித்து, "இப்போ வேணாம். இப்போ எடுத்தா எதையோ மறைக்கிற மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கிழமை அவங்க வந்துட்டுப் போனதும் எடு," என்றாள்.

மறுநாள் மதியம் அவளே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு காந்தி நகருக்குப் போனாள். டெரன்ஸ் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் மீன் துண்டை முள்ளோடு மென்றுகொண்டிருந்தான்.

"நான் ராத்திரி பூரா யோசிச்சேன்," என்றாள் லூயிசா. "அந்தப் படம் முன்னாடியே எடுத்ததுன்னு சொல்லிடு. அவன் உனக்குப் போட்டுப் பாக்கக் குடுத்தான்னு சொல்லு. அப்புறமா திருப்பிக் குடுத்துட்டே. முடிஞ்சுது."

"மறுநாளே செய்தியில வந்துச்சு அக்கா. அதுல ரிப்போர்ட்டரே நேத்து எடுத்ததுன்னு சொல்றான்."

"அப்போ ரெண்டு ஸ்வெட்டர் இருந்துச்சுன்னு சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பின்னினவங்க அவங்க. எத்தினி பின்னினோம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை. வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, காரில் வந்த அம்மாளுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு வந்தான்.

"செத்தவன் மேலேர்ந்து கழட்டினியாடா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல." உட்கார்ந்தான். "தோய்ச்சுக் காயப் போட்டிருந்தான்."

அவள் காத்திருந்தாள். கேட்டால் நின்றுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு மூணு நாளா மழை. அன்னிக்கு வெயில் அடிச்சுது. அவனுக்கு அழுக்கு ஆவாது. டின்ல தண்ணி பிடிச்சுத் தோய்ச்சு, பீரங்கி மேல போட்ட வலைக் கம்பு கீதே, அதுல விரிச்சுட்டான். எல்லாம் பச்சை, மண்ணு, கல்லு. நடுவுல அந்த மெரூன் கை ரெண்டும் தொங்குது. ஹவில்தார் பாத்துட்டுக் கத்தினாரு. மேல மலையில உக்காந்து எவனாவது பாத்தா அது ஒண்ணுதான்டா கண்ணுல படும், எடுன்னாரு. எடுக்கறேன் சார்னான். எனக்குப் பக்கத்துலதான் அது. நான் எடுத்திருக்கலாம். குண்டு தூக்கிகினு இருந்தேன்."

"அதனாலயா குண்டு வந்துச்சு?"

"தெரியாது. தினமும்தான் வரும். அதுக்கு முந்தின நாளும் வந்துச்சு, ஒரு துணியும் காயப் போடல அன்னிக்கு. அதனாலதான்னு எவனும் சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் எவனும் சொல்ல முடியாது."

கேரியரின் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"டிசம்பர்ல போனப்ப அவங்க ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டாங்க. எங்க இருந்துச்சுன்னு எப்படி அக்கா சொல்றது? அதான் அவன் மேல இருந்துச்சுன்னுட்டேன்."

லூயிசா வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தாள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வருவாள். எதை வேண்டுமானாலும் தெரிந்துகொண்டு போகட்டும். அந்தக் கம்பை மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் வைஜயந்தி வந்தாள். நரைத்த தலையை வாரி முடிந்திருந்தாள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்வதாகவும், மகன் கோயம்புத்தூரில் இருப்பதாகவும், கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். லூயிசா அவளை டெரன்ஸுக்கு வலது பக்கத்தில் உட்காரவைத்தாள். லிண்டா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"நீங்க இளைச்சுட்டீங்க," என்றாள் வைஜயந்தி.

"வயசாச்சுங்க."

"நீங்க பொய் சொன்னதுக்கு நான் கோபிச்சுக்க வரலை. அப்போ எனக்கு இருபத்திரண்டு வயசு. நீங்க அப்படிச் சொல்லலைன்னா என்ன ஆயிருப்பேனோ தெரியாது. ஆனா இப்போ எனக்கு அந்த வயசு இல்ல. நடந்ததைச் சொல்லுங்க."

டெரன்ஸ் டீ டம்ளரைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தான். பிறகு சொன்னான். எந்த இடத்திலும் குரலை உயர்த்தாமல், ட்யூட்டி மாற்றிக் கொடுக்கும்போது அடுத்த ஆளிடம் சொல்வது போலச் சொன்னான். காலையில் குண்டு விழுந்தது. மற்றவர்கள் பள்ளத்தில் குதித்துவிட்டார்கள், சாய்நாத் குதிக்கப் போகும்போது பட்டுவிட்டது. வயிற்றில். உடனே போகவில்லை. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து வரவேண்டும், ரோட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்ததால் வரமுடியவில்லை. மதியம் வரைக்கும் டெரன்ஸ் மடியில்தான் தலையை வைத்திருந்தான்.

"பேசினாரா?"

"பேசினான்."

"என்ன பேசினார்?"

"குளிருதுன்னான்."

வைஜயந்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

"வெயில்தாங்க. ரத்தம் போனா அப்படிக் குளிரும்னு எனக்கு அப்போ தெரியாது. என் ஜாக்கெட்டைக் கழட்டிப் போத்தினேன். கம்பளி போத்தினோம். ஸ்வெட்டரைக் கேட்டான். அது ஈரமா இருந்துச்சு. தோய்ச்சிருந்தான்."

"தோய்ச்சாரா?" அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. "அங்க போயுமா? இங்கயும் அப்படித்தான், ஒரு தடவை போட்ட சட்டையை மறுபடி தொடமாட்டார்."

"தினமும் அதுக்குத் திட்டு வாங்குவான்."

"எங்க காயப் போட்டிருந்தார்?"

லூயிசா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவனுடைய கால் விரல்களைப் பார்த்தாள்.

"உள்ள," என்றான் டெரன்ஸ். "நாங்க தூங்குற பள்ளத்துக்குள்ள. ஒரு கயிறு கட்டியிருந்தோம்."

"உள்ள போட்டா எப்படிக் காயும்," என்று வைஜயந்தி தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

"என் ஜாக்கெட் அவனோடவே போயிடுச்சு," என்று டெரன்ஸ் தொடர்ந்தான். "சட்டை பூரா ரத்தம். ஹவில்தார்தான் போய் ஸ்வெட்டரை எடுத்துட்டு வந்து என் தலை வழியா மாட்டிவிட்டாரு. கொஞ்சம் ஈரம் இருந்துச்சு. அப்புறம் டிவிக்காரங்க வந்தாங்க."

"அப்போ ஏன் சிரிச்சீங்க?"

அந்தக் கேள்வியை அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் லூயிசாவுக்கு அது தன் முகத்துக்கு நேரே கேட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக இந்த ஒரு சிரிப்புக்கு அவள் எத்தனை பேருக்கு பிரியாணி போட்டிருக்கிறாள்.

"அந்த ரிப்போர்ட்டர் கையில ஒரு மைக் இருந்துச்சுங்க. காத்து சத்தம் வராம இருக்க அது மேல முடி முடியா ஒரு உறை போட்டிருந்தாங்க. பாக்க நாய்க்குட்டி மாதிரி இருந்துச்சு. ஆபீசர் சொன்னாரு, ஒரு ரவுண்டு சுட்டுக் காமிங்க, உற்சாகமா இருங்கன்னு. சுட்டோம். எல்லாரும் கத்தினாங்க. நான் அந்த மைக்கைப் பாத்தேன். இந்த ஆளு நாய்க்குட்டியைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து என்னைக் கேள்வி கேக்க வெக்கிறானேன்னு தோணுச்சு. சிரிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. வண்டி போனப்புறமும் நிக்கல. வயிறு வலிக்குது, மூச்சு முட்டுது, சிரிச்சுட்டே கீறேன். ஹவில்தார் கன்னத்துல அறைஞ்சாரு. அப்பவும் நிக்கல. இருட்டினப்புறம்தான் நின்னுச்சு."

வைஜயந்தி அவனுடைய டீ டம்ளரை அவன் பக்கம் தள்ளி வைத்து, "ஸ்வெட்டர் இப்போ எங்க?" என்றாள்.

"உங்களைப் பாத்துட்டுத் திரும்பிப் போறப்ப ஜம்மு ஸ்டேஷன்ல ஒரு பெரியவர் குளிர்ல உக்காந்திருந்தாரு. குடுத்துட்டேன். உங்ககிட்ட கொண்டு வந்திருக்கணும். கொண்டு வந்தா பொய் நிக்காதே."

அவள் அதற்கும் தலையை ஆட்டினாள். டெரன்ஸ் லிண்டாவின் பக்கம் திரும்பி, "அந்த வீடியோவை இப்பவே எடுத்துடும்மா," என்றான். வருஷக் கணக்கில் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டவன் போல இருந்தது அவன் குரல்.

"வேணாம்," என்றாள் வைஜயந்தி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எடுக்காதீங்க. எங்க வீட்டுல அதைப் போட்டுட்டு அவர் எடுத்த போட்டோ ஒண்ணு கூட கிடையாது. கை வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததும் இல்ல. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்து போச்சு. அதுல மட்டும்தான் இருக்கு." பிறகு லிண்டாவிடம், "அந்த டிவில ஒரு தடவை போடறியாம்மா? போன்ல சின்னதா இருக்கு," என்றாள்.

லிண்டா தாயைப் பார்த்தாள். லூயிசா தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கப் போகிறான் என்று நினைத்தாள். வைஜயந்தி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

பீரங்கி வெடித்தது. புகை கிளம்பியது. டெரன்ஸ் கையைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்த இடத்தில் வைஜயந்தி, "நிறுத்தும்மா," என்றாள். லிண்டா நிறுத்தினாள்.

வைஜயந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டத்தில் போய் நின்றாள். திரையில் அவன் தூக்கியிருந்த கையின் மேல் விரலை வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல இழுத்தாள்.

"இங்க பாருங்க அக்கா, நீலம் முடிஞ்சு மெரூன் ஆரம்பிக்கிற இடம். இழுத்துப் பிடிச்சுட்டேன், சுருங்கியிருக்கு. உங்களுக்குத் தெரியும், நீங்க தைக்கிறவங்க."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் லூயிசா.

"கை உங்களுக்குக் கட்டையா இருந்துச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"கொஞ்சம்," என்றான் டெரன்ஸ். "அவனுக்குச் சரியா இருக்கும்."

"அம்மா அப்பவே சொன்னாங்க, மெரூன் கண்ணை உறுத்தும், வேற கடையில நீலம் பாருன்னு. நான்தான் கேக்கலை." அவள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள், இன்னும் இரண்டடி நகர்ந்து வாசல் பக்கம் நின்று பார்த்தாள். "ஆனா நல்ல கலர். எத்தனை தூரத்துலேர்ந்து பாத்தாலும் இது ஒண்ணு தனியா தெரியுது பாருங்க."

"ஆமாங்க," என்றான் டெரன்ஸ்.

லூயிசா தம்பி பக்கம் திரும்பினாள். அவன் முகம் அசையவில்லை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் எதற்கெல்லாம் அசையாமல் நிற்கப் பழகியிருப்பான் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

"அப்போ எடுக்கலை தானே?" என்றாள் வைஜயந்தி.

வீடியோவை எடுக்கச் சொல்லும் உரிமை அவனுக்குத்தான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றான். "எடுக்கல."

லிண்டா ரிமோட்டைத் தூக்கி அணைக்கப் போனாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டுமே," என்று வைஜயந்தி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, ஆறிப் போன டீயை எடுத்துக்கொண்டாள். டெரன்ஸும் அவன் டம்ளரை எடுத்தான். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி குடித்தார்கள். அவள் ஸ்வெட்டர் கையைப் பார்த்தாள். அவன் எதைப் பார்த்தான் என்று தெரியவில்லை. லூயிசா அந்த முகத்தில்தான் எப்போதும் போல முதலில் கண்ணை வைத்தாள். இருபத்தைந்து வயது, திறந்த வாய், இடுக்கிய கண்கள். அங்கே வைத்திருக்க முடியாமல் பார்வையைக் கீழே இறக்கினாள். கீழே அந்த மெரூன் கை இருந்தது. பிறகு எழுந்து, ஆப்பிளைக் கழுவி நறுக்கிக் கொண்டுவர உள்ளே போனாள்.